கடல் தாண்டாத பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூடான் உள்நாட்டுப் போர் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். எந்த ஊரை யார் பிடித்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எந்த நாடு யாருக்கு ஆயுதம் கொடுக்கிறது என்பதெல்லாம் வருகிறது. ஆனால் முகாமில் கிடக்கிற பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்களா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பேதி பிடித்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா, இது மட்டும் வருவதே இல்லை. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு முதலில் தோன்றுகிற கேள்விகள் இவைதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024ஆம் ஆண்டு முடிவில் உலகம் முழுவதும் 8 கோடியே 34 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே ஊரை விட்டு விரட்டப்பட்டு வேறு இடத்தில் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். சூடானில் மட்டும் 1 கோடியே 16 லட்சம் பேர், ஒரே நாட்டில் இவ்வளவு பேர் இப்படி இருந்ததாக அதற்கு முன் கணக்கே கிடையாது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைகள்.

எல்லை தாண்டி வந்தவர்களை நம் கடற்கரைக்கு நன்றாகத் தெரியும். 1983க்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடி மணல்திட்டிலும் அரிச்சல்முனையிலும் இறக்கிவிடப்பட்டவர்களுக்குச் சோறு கொடுத்த ஊர் இது. 2022இல் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற நேரத்தில் மறுபடியும் வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். மண்டபம் முகாமில் முன்பு வந்தவர்களுக்கு ஒரு பதிவு இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும் தடுப்பூசியும் இருக்கின்றன. குறைகள் நிறைய உண்டு, அதை மறைக்க மாட்டேன், ஆனாலும் இந்தப் பிள்ளை இங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை, அப்படியிருந்தும் இவ்வளவு நடந்தது.

சரி, அதே சண்டைக்குப் பயந்து ஓடி, படகுக்குக் காசில்லாமலோ துணிவில்லாமலோ அந்தக் கரையிலேயே நின்றுவிட்டவர்கள்? மடு மாதா கோயில் வளாகத்திலும் பேசாலையிலும் மாதக்கணக்கில் மரத்தடியில் கிடந்தவர்கள்? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் பக்கம் போய் ஓலைக் கொட்டகைகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள், ஒரு தலைமுறையே அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்தது. கீழக்கரை, பெரியபட்டினத்துப் பெரியவர்களிடம் கேட்டால் மன்னாரோடு இருந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றி நிறையச் சொல்வார்கள், அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பதில் வராது. 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ 3 லட்சம் பேரில் பெரும்பாலோரை வவுனியாவுக்குப் பக்கத்தில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வைத்தார்கள். அந்த டிசம்பர் வரைக்கும் அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெளியே போக முடியாது. ஒரே கூடாரத்தில் இரண்டு மூன்று குடும்பம், சின்னம்மையும் மஞ்சள் காமாலையும் பரவின. அது 2012 செப்டம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. இங்கே நம் முகாமில் இருந்த ஒரு தாய் தன் அக்கா குடும்பம் அங்கே உள்ளே இருக்கிறது என்று சொல்லி என்னிடம் அழுதிருக்கிறாள். அக்கா மகனுக்கும் இவள் மகனுக்கும் ஒரே வயது. இவள் மகனின் எடையை மாதாமாதம் நான் நிறுத்து அட்டையில் குறித்தேன். அக்கா மகனை யார் நிறுத்தார்கள்?

என் பேச்சின் மையம் இதுதான். எல்லை தாண்டிய குழந்தையைப் பற்றிக் கேட்க ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு இருக்கிறது, வந்த நாட்டுக்கும் ஒரு கூச்சம் இருக்கிறது. தாண்டாத குழந்தைக்கு அதன் சொந்த அரசாங்கம்தான் பொறுப்பு. அந்த அரசாங்கமே சண்டையில் ஒரு தரப்பாக இருந்தால், அல்லது முகாம் இருக்கிற இடம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால், அந்தக் குழந்தை யாருடைய நோட்டிலும் இல்லை. 1998இல் ஐ.நா. இவர்களுக்காகச் சில வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது, உணவு, தண்ணீர், மருத்துவம் எதையும் மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதை உருவாக்கும் வேலையை முன்னின்று நடத்திய ஃபிரான்சிஸ் டெங் சூடானில் பிறந்தவர். ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் ஒரு ஒப்பந்தமே போட்டு 2012இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஆனால் நெறிகளுக்குச் சட்ட பலம் கிடையாது, ஒப்பந்தத்தை மீறினால் கேட்க ஆளில்லை.

முகாமில் பிள்ளைகள் எதனால் சாகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படிக்கிற பலர் குண்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குண்டில் சாகிறார்கள்தான். ஆனால் சண்டை நடக்கிற நாடுகளின் முகாம்களில் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் கொண்டுபோவது தட்டம்மை, பேதி, நிமோனியா, மலேரியா, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற பசி.

தட்டம்மையை நம் பக்கம் மணல்வாரி என்போம். தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அது 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்று எங்களை விரட்டுவார்கள், 90 போட்டால் போதாதா என்று கேட்க முடியாது. இந்தியாவில் முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிறோம். முகாம் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் உள்ளே நுழைந்த உடனே போட வேண்டும், கூடவே வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் போட்டது கணக்கில் சேராது, ஒன்பதாம் மாதம் மறுபடி போட வேண்டும். இப்படி அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு மணல்வாரி வந்தால் ஒரு வாரம் பத்து நாளில் எழுந்து விளையாடப் போய்விடும். பட்டினியில் காய்ந்த பிள்ளைக்கு வந்தால் நெஞ்சில் சளி கட்டும், பேதி பிடிக்கும், வைட்டமின் ஏ ஏற்கெனவே இல்லாததால் கண் போகும். உயிர் தப்பினாலும் முன்பு பழகிய நோய்களை எதிர்க்கும் சக்தியை உடம்பு பாதி மறந்துவிடுவதால் அடுத்த பல மாதங்களுக்கு எந்தக் காய்ச்சலும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு ஒரு குறைந்தபட்சக் கணக்கு உண்டு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். நம் ஊர் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ ஒரு குடம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் ஒரு குடத்துக்கு நம் பெண்கள் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு அந்த 15 லிட்டர் எவ்வளவு குறைச்சல் என்று புரியும், பல முகாம்களில் அதுவே கிடைப்பதில்லை. கழிப்பறை 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் பேதி நிற்காது. பேதிக்கு மருந்து விலை குறைந்ததுதான், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இரண்டு வாரத்துக்கு ஜிங்க் மாத்திரையும். ஆனால் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டுமே.

பசியை அளக்க ஒரு சின்ன நாடா போதும். இடது மேல்கையில் சுற்றினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். சிகிச்சை என்ன? நிலக்கடலை அரைத்து, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்த ஒரு பசை, சின்ன பாக்கெட்டில் வரும், ஒரு பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், கெட்டும் போகாது. வேறு சிக்கல் இல்லாத பிள்ளை சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் தேறிவிடும். இவ்வளவு எளிதான வைத்தியம் இருந்தும், சூடானின் வட டார்ஃபூரில் எல் ஃபாஷர் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸம்ஸம் முகாமில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழந்தை சாகிறது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2024 பிப்ரவரியில் சொன்னது. அந்த ஆகஸ்டில் அங்கே பஞ்சம் என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். முற்றுகை காரணமாக அந்தப் பாக்கெட்டுகளை ஏற்றிய லாரி உள்ளே போக முடியவில்லை. 2025 ஏப்ரலில் முகாமையே தாக்கினார்கள், ஓடி வந்தவர்கள் மறுபடி ஓடினார்கள், டவிலா என்ற இடத்துக்குப் போனவர்களைக் காலரா பிடித்தது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பாதி வைத்தியம் நின்றுபோகிறது, போட்ட ஊசிக்கு அட்டை தொலைகிறது, அடுத்த இடத்தில் மறுபடி ஒன்றாவதிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்குவதற்கு ஆள் இருந்தால்.

காஸாவில் நடந்தது இன்னும் அதிர்ச்சி. 25 ஆண்டுகளாக இல்லாத போலியோ, 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தையின் காலில் வந்து நின்றது. பத்து மாதம் என்றால், போர் தொடங்கின நேரத்தில் பிறந்த குழந்தை, ஓடிக்கொண்டே இருந்த குடும்பம், ஒரு சொட்டு மருந்தும் போடவில்லை. செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தி, பத்து வயதுக்குக் கீழே உள்ள 6 லட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகளை இலக்கு வைத்துச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போலியோ முகாம் நாளில் பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் பாம்பன் பாலத்து ஓரத்திலும் ஐஸ்பெட்டியோடு நின்றவள் என்பதால் சொல்கிறேன், குண்டு விழுகிற ஊரில் அதைச் செய்த செவிலியர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நினைத்தால் சண்டையைச் சில மணி நேரமாவது நிறுத்த முடியும் என்பதும் அதில் தெரிந்துவிட்டது, அதைத்தான் நான் மறக்க மாட்டேன்.

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் பறக்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் கை காட்டிக்கொண்டு ஓடும். வன்னியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் அதே சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் படுக்கையை நனைக்கிற பிள்ளைகள், பேச்சே நின்றுபோன பிள்ளைகள். அவர்களுக்காவது சத்தம் இல்லாத ஒரு கரை கிடைத்தது. சத்தம் நிற்காத இடத்திலேயே இருக்கிற பிள்ளைக்கு எந்த மருத்துவர் என்ன செய்வார்?

இதெல்லாம் வேறு நாட்டுக் கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள், நிவாரண முகாம்களில் பிள்ளைகள் பிறந்து நடக்கவே தொடங்கிவிட்டார்கள். 1997இல் மிசோரத்திலிருந்து திரிபுராவுக்கு ஓடிய புரூ மக்கள் 2020 ஜனவரியில் ஒப்பந்தம் போடுகிற வரை இருபது ஆண்டுக்கு மேல் முகாமில் இருந்தார்கள், நடுவில் 2019இல் அவர்களைத் திரும்பிப் போக வைக்க ரேஷனை நிறுத்தினார்கள். பிள்ளைகள் இருக்கிற முகாமில் ரேஷனை நிறுத்துவதை எந்தப் பெயரால் நியாயப்படுத்துவது? இப்படி உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. தப்பியவர்கள் ராமேஸ்வரத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் போனார்கள், சிலர் மீன்பாட்டுக்காகத் திரும்பவும் அங்கேயே குடிசை போட்டார்கள். அறிவிப்பின்படி அங்கே யாரும் இருக்கக் கூடாது, ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள், மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீரைக் குடித்து வளர்கிறார்கள், பிரசவ வலி எடுத்தால் ராமேஸ்வரத்துக்குத்தான் வர வேண்டும். அப்புறம் காற்று மாறுகிறபோது கச்சானுக்கு, அதாவது தென்மேற்குக் காற்றுக்கு, வடகடல் பக்கமும் வாடைக்குத் தென்கடல் பக்கமும் வாடி, அதாவது கரையோரக் குடிசை, மாற்றிப் போகிற மீனவக் குடும்பங்கள், மழை பொய்த்த வருஷம் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள். இவர்களைப் போரில் ஓடியவர்களோடு சமமாக வைக்கவில்லை, அது தப்பு. ஆனால் ஊசி தவறுகிற விதம் ஒன்றுதான். அட்டை சொந்த ஊரில், பெயர் சொந்த ஊர் நோட்டில், பிள்ளை இங்கே. வெளியூர்ப் பிள்ளையைக் கொண்டுபோன ஒரு தாயை ஒரு சுகாதார நிலையத்தில், உங்கள் ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் எங்கேயும் ஊசி போடலாம், போட்டே ஆக வேண்டும், விதி அப்படித்தான் இருக்கிறது. அட்டை இல்லை, முன்பு போட்டதா தெரியவில்லை என்றால் போடாததாக வைத்துப் போட வேண்டும். தட்டம்மை ஊசி ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, உதவி செய்கிற நல்ல மனசுக்காரர்களுக்கு. டிட்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் இலங்கையை அடித்து மலையகத்தில் மண்சரிவு ஏற்பட்டபோது நம் பக்கம் பல பேர் பொருள் சேர்க்கலாமா என்று பேசினார்கள். சேருங்கள். ஆனால் பால் புட்டியும் குழந்தைகளுக்கான பால் பவுடரும் மட்டும் பொதுவாக எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்காதீர்கள். இந்தோனேசியாவில் 2006 மே மாதம் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பிறகு ஆய்வு செய்தபோது, தானமாகப் பால் பவுடர் கிடைத்த குழந்தைகளிடம் பேதி மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. புட்டியைக் கொதிக்க வைக்கத் தண்ணீரும் விறகும் இல்லாத இடத்தில் அது நோயைத்தான் கொடுக்கும். பயத்தில் தாய்ப்பால் வற்றிவிட்டது என்று தாய்மார் சொல்வார்கள், பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போட்டால், தாய்க்கு வயிறார ஒரு வாய் சோறும் உட்கார ஒரு மறைவான மூலையும் கொடுத்தால் பெரும்பாலும் திரும்ப ஊறும். தாய் இல்லாத பிள்ளைக்குப் பவுடர் வேண்டும்தான், அதைச் செவிலியர் பார்த்துக் கொடுக்கட்டும். நீங்கள் அனுப்ப வேண்டியது மூடியுள்ள குடம், சோப்பு, குளோரின் மாத்திரை, கொசுவலை, நாப்கின், தாய்க்கு அவலும் கடலையும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். சூடானோ மணிப்பூரோ மலையகமோ, முகாம் பற்றிச் செய்தி போடும்போது ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள், தட்டம்மை ஊசி போட்டாயிற்றா, ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மூன்று வரி சேருங்கள். இவற்றை யாரும் கேட்காததால்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை.

இரண்டாவது நம் மாவட்டத்துக்கானது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை எல்லோரும் பார்த்தோம். அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன்னால் உங்கள் மாவட்ட நிருபரைக் கடற்கரையோரப் புயல் பாதுகாப்பு மையங்களுக்கு அனுப்பி, பூட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை திறந்திருக்கிறதா, ஓ.ஆர்.எஸ்.சும் ஜிங்க் மாத்திரையும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா, அந்த மையத்துக்கு வரப்போகிற ஊர்களில் ஊசி விடுபட்ட பிள்ளைகளின் பட்டியல் செவிலியர் கையில் இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். வாடி மாற்றி வந்திருக்கிற குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.